கூச்ச சுபாவம் என்று ஒரு சாக்கு

எதிர் வீட்டுப் பேத்தி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராகப் பெயர் கொடுத்திருந்தாள். 15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக 2022-ல் ஆரம்பித்த திட்டம் அது. சம்பளம் கிடையாது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்பு. இரண்டு நாள் போனாள். மூன்றாம் நாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா போகலையா என்றேன்.

"இல்ல தாத்தா. எல்லாரும் எங்க பாட்டி வயசு. என்னையே பாக்குறாங்க. வாயே வரல. எனக்குச் சின்ன வயசுல இருந்தே கூச்ச சுபாவம்."

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பத்தொன்பது வயது. கோபம் வந்தது மறுநாள் காலை நடைப்பயிற்சியின்போது. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் உண்டு. விஷயத்தைச் சொன்னதும், "நான் அப்பவே நினைச்சேன் சார். பயிற்சி இல்லாத சின்னப் பிள்ளைகளை அனுப்பினா இப்படித்தான். முதல்ல ஒரு பர்சனாலிட்டி டெவலப்மென்ட் கோர்ஸ் போகச் சொல்லுங்க. கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகணும்" என்றார். இன்னொரு நண்பர், இன்சூரன்ஸில் இருந்தவர், மேடைப் பேச்சில் கெட்டிக்காரர், "கோர்ஸெல்லாம் எதுக்கு? எதிர்ல இருக்கிறவங்களைப் பூசணிக்காய்னு நினைச்சுக்கிட்டா போதும். பயம் போயிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இருவருமே இதைப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும்.

பூசணிக்காய்! பகல் முழுக்க வேலை பார்த்து, உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பேரன் முன்னால் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு உட்காரும் துணிச்சலோடு வரும் ஒரு மனுஷியைப் பார்த்துப் பூசணிக்காய் என்று நினைத்துக்கொள்ள வேண்டுமாம். மேடையில் பத்து நிமிஷம் பேசிவிட்டு இறங்குபவருக்கு அந்த யோசனை சரியாக இருக்கலாம். சொல்லிக்கொடுக்கப் போகிறவனுக்கு அது விஷம். ஏன் என்று சொல்ல, நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1991. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிய வருஷம். கேரளத்தில் எர்ணாகுளம் முந்தின வருஷம்தான் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமென்று பெயர் வாங்கியிருந்தது. அதே காற்று இங்கேயும் அடித்தது. தெருத்தெருவாகக் கலைக்குழுக்கள் நாடகம் போட்டார்கள், பாட்டுப் பாடினார்கள். எனக்கு அப்போது 27 வயது, கீரனூர் பக்கம் ஒரு தபால் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. பாட்டு கேட்ட உற்சாகத்தில் நானும் பெயர் கொடுத்துவிட்டேன். உற்சாகத்தில் பெயர் கொடுப்பது சுலபம் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

முதல் நாள் வகுப்பு பிள்ளையார் கோயில் மண்டபத்தில், ராத்திரி ஏழரைக்கு. ஒரு அரிக்கேன் விளக்கு, ஒரு கரும்பலகை. பதினாறு பெண்கள், நாலு ஆண்கள். பெண்களில் பெரும்பாலோர் கல்குவாரியில் ஜல்லி உடைப்பவர்கள். எங்களுக்குக் கொடுத்த பாடப்புத்தகம் அ, ஆ என்று ஆரம்பிக்காது. பட்டா, படி என்று நேரே சொல்லில் ஆரம்பிக்கும். பெரியவர்களுக்குப் பேச்சு தெரியும், சொற்கள் தெரியும், ஆகவே சொல்லில் இருந்து எழுத்துக்குப் போ என்பது அதன் கணக்கு. இதைப் பயிற்சி முகாமில் தெளிவாகவே சொன்னார்கள். ஆனால் இருபது ஜோடிக் கண்கள் என்னைப் பார்த்ததும் பயிற்சி, முகாம், கணக்கு எல்லாம் பறந்துபோய், என்னுடைய ஒன்றாம் வகுப்பு வாத்தியார்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவரைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு, பலகையில் பெரிதாக 'அ' போட்டு, 'அம்மா' என்றேன். எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு 'ஆ', 'இ', 'ஈ' என்று எழுதிக்கொண்டே போனேன். திரும்பினால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கை நடுங்கி சாக்பீஸ் உடைந்தது. பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. அப்புறம் கூட்டமாகச் சிரிப்பு. காது மடல் சுட்டது. ஒன்பது மணி வரை நடத்த வேண்டிய வகுப்பை எட்டேகாலுக்கே முடித்துவிட்டு சைக்கிளை மிதித்தேன். இனிமேல் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை என்று முடிவு. அன்றைக்கு நானும் சொல்லிக்கொண்டது அதே வார்த்தைதான். கூச்ச சுபாவம்.

அடுத்த நாள் பகல் பதினோரு மணி இருக்கும். கவுண்டருக்கு ஒரு அம்மா வந்தார். முந்தின ராத்திரி முன் வரிசையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தவர். திருப்பூரில் இருந்து மகன் மணியார்டர் அனுப்பியிருக்கிறான். தபால்காரர் போன நேரத்தில் இவர் குவாரியில் இருந்ததால் ஆபீசுக்கே வந்துவிட்டார். அவர் என்னைப் பார்த்தார், நான் படிவத்தைப் பார்த்தேன். மைப்பெட்டியை நகர்த்தினேன். பெருவிரலை வைத்தார். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் தேடி, வரிசையில் நின்ற ஒரு பையனைக் கெஞ்சினார். அவருடைய பேரன் வயதுதான் இருக்கும் அந்தப் பையனுக்கு. பிறகு விரலில் இருந்த மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டார், வேகமாக, யாரும் பார்ப்பதற்குள். அந்தக் காலத்துக் கவுண்டர்களில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் தேய்ப்பு தெரியும். ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பணத்தை எண்ணி முடிந்துகொண்டு, போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, ராத்திரி சிரிச்சது ஒன்னயப் பாத்து இல்லப்பா. எம் மருமவ எதுத்தாப்புல ஒக்காந்திருந்தா. இந்த வயசுல அவ முன்னால 'அ' போடுறதுக்கு வெக்கமாப் போச்சு. சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்திருச்சு. நீ இன்னிக்கும் வருவேல்ல?"

என் நண்பர்கள் இருவரும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்த மண்டபத்தில் இருபத்தோரு பேருக்கும் கூச்சம் இருந்தது. என்னுடையது அதில் மிகவும் சின்னது. எனக்கு என்ன போய்விடும்? சாக்பீஸ் உடைந்தால் ஒரு ராத்திரி தூக்கம் போகும். அவர்களுக்கு மருமகள் முன்னால், சம்பந்தி முன்னால், குவாரியில் கூட வேலை பார்ப்பவள் முன்னால் இத்தனை வருஷம் காத்த மரியாதை போகும். ஆனால் நான் என் கூச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உலகத்திலேயே பெரிய வேதனை இதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருப்பவர்களை நான் ஏற்கெனவே பூசணிக்காயாகத்தான் வைத்திருந்தேன், இன்சூரன்ஸ் நண்பரே. என்னைப் பார்த்துச் சிரிக்கும் பூசணிக்காய்கள். நோயைக் கொண்டுவந்து மருந்து என்று கொடுக்கிறீர்கள்.

கூச்ச சுபாவம் என்று சொல்லும்போது நம்மில் பலருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருக்கிறது. அடக்கமானவன், பதவிசானவன் என்று பொருள் வரும்படிதான் சொல்லிக்கொள்கிறோம். பெண் பார்க்கப் போகும் இடத்தில் அது நல்ல குணமாக இருக்கலாம். வகுப்பில் நிற்கும்போது அது வேறொன்றுமில்லை, தன்னைத் தவிர வேறு யாரையும் பார்க்க மறுப்பது. கண்ணாடி முன்னால் நின்று பழகச் சொன்னால் இன்னும் மோசம். கண்ணாடியில் தெரிவது யார்? மறுபடியும் நாம்தானே!

அன்று ராத்திரி போனேன். தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. வயிறு கலங்கத்தான் செய்தது. ஆனால் நிற்காமல் அவர்களோடு தரையில் உட்கார்ந்தேன். பலகையை மடியில் சாய்த்துக்கொண்டேன். "யாருக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்டேன். ஒருத்தி பஸ் போர்டு என்றாள். திருச்சி பஸ் என்று நினைத்து விராலிமலை பஸ்ஸில் ஏறிய கதையை இன்னொருத்தி சொன்னாள். மணியார்டர் அம்மா, படிவத்தில் எவ்வளவு ரூபாய் போட்டிருக்கிறது என்று தானே பார்க்க வேண்டும் என்றார். (எவனோ எப்போதோ பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்திருக்கிறான். யாரென்று சொல்லவில்லை. எங்கள் இலாகா ஆளாக இருக்கக் கூடாதே என்று எனக்குப் பயம்.) மறுநாளே காலாவதியான படிவங்களைக் கொண்டுபோனேன். என் வாத்தியார் குரல் அதோடு போயிற்று. படிவம் நிரப்புவது எனக்குத் தெரிந்த வேலை. தெரிந்த வேலையைச் சொல்லும்போது யாருக்கும் வாய் குழறாது.

நான் ரொம்பப் பிற்பாடு ஒரு விஷயம் படித்தேன். அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தில் ஜான்ஸ் தீவு என்று ஒரு இடம். கறுப்பின மக்கள் ஓட்டுரிமை பெற வேண்டுமென்றால் அரசியலமைப்பில் ஒரு பகுதியைப் படித்துக்காட்ட வேண்டும் என்று அங்கே சட்டம். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஓட்டு இல்லை. அதற்காக 1957 ஜனவரியில் ஒரு வகுப்பு தொடங்கினார்கள். ஆசிரியராகப் பிடித்தது யாரைத் தெரியுமா? பெர்னிஸ் ராபின்சன் என்ற சிகையலங்காரக்காரரை. அந்த அம்மா, நான் டீச்சர் இல்லையே, எனக்கு வராதே என்று மறுத்திருக்கிறார். அவரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வேண்டியதும் அதுதான். முறையாகப் பயின்ற ஆசிரியர் வந்தால் ஜனங்கள் மிரளுவார்கள், இவர் என்றால் மிரளமாட்டார்கள். முதல் நாள் அவர் குழந்தைகளுக்கான பள்ளிக்கூடச் சாமான்களைத்தான் எடுத்துப் போயிருக்கிறார், நான் 'அம்மா' எழுதினேனே அதே மாதிரி. இது பெரியவர்களுக்குச் சரிவராது என்று அங்கேயே புரிந்து ஒதுக்கிவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதிலிருந்து ஆரம்பித்தார். தான் டீச்சர் இல்லை என்பதையும், சேர்ந்து கற்றுக்கொள்வோம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அவர்கள் கேட்டதில் ஒன்று என்ன தெரியுமா? மணியார்டர் படிவம் நிரப்புவது! இதைப் படித்தபோது, ஓய்வுபெற்ற தபால்காரனுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த ஒரு வகுப்பில் இருந்து பிறந்த குடியுரிமைப் பள்ளிகள் பிறகு தென் மாநிலங்கள் முழுக்கப் பரவின. பர்சனாலிட்டி கோர்ஸ் முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று அந்த அம்மா சொல்லியிருந்தால்?

தலைமை ஆசிரியர் நண்பருக்கு நியாயமாகவும் இருக்க வேண்டும். பயிற்சி வேண்டும் என்பதில் அவர் சொல்வது பாதி சரி. ஆனால் எந்தப் பயிற்சி? எப்படி நிற்பது, எப்படிக் குரல் கொடுப்பது என்பதல்ல. எதிரில் இருப்பவரைப் பற்றிய பயிற்சி. உதாரணமாக, நாற்பது வயதைத் தாண்டினால் பக்கத்தில் இருப்பது மங்கும். அது எனக்குத் தெரியாது. என் வகுப்பில் மூன்று பேரை மந்தம் என்றே முடிவு கட்டியிருந்தேன். ஒரு நாள் வேடிக்கை பார்க்க வந்த தையற்காரர் தன் கண்ணாடியைக் கழற்றி அதில் ஒருவருக்கு மாட்டிவிட்டார். அந்த அம்மா, "அடியாத்தீ, இம்புட்டு எழுத்தா இருக்கு இதுல" என்றார். மந்தம் அவரிடம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அதே போலக் கல் உடைத்துக் காய்த்துப்போன கைக்குள் பென்சில் நிற்காது. சாக்பீஸால் தரையில் பெரிதாக எழுதவிட்டுப் பிறகுதான் பென்சிலுக்கு வர வேண்டும். தப்பு செய்தால் சபையில் சொல்லக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்ல வேண்டும். இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்கு யாராவது சொல்லியனுப்பினார்களா? அதுதான் கேள்வி. அதை விட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் நிற்கச் சொல்கிறோம்.

காதோடு சொல்ல வேண்டும் என்றேன். அதை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த நாலு ஆண்களில் ஒருவர் ஆடு மேய்ப்பவர். அறுபதை நெருங்கிய வயது. ஒரு நாள் தவறாமல் வருவார், பேரனையும் கூட்டிக்கொண்டு. இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கும் கூச்சம் விட்டுப்போயிற்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி மேற்பார்வைக்கு ஒருவர் வந்து பின்னால் நின்றார். அவர் வந்ததுமே எனக்குப் பழைய காது மடல் சூடு வந்துவிட்டது. பெரியவர் சிலேட்டில் பட்டா என்று எழுதுகிறார், புள்ளி விட்டுப்போய் 'படடா' என்று இருக்கிறது. வந்தவர் அதைப் பார்த்துவிடப் போகிறாரே, என்ன வகுப்பு நடத்துகிறான் என்று நினைப்பாரே என்ற பதற்றத்தில், சத்தமாகச் சொன்னேன்: "என்ன பெரியவரே, இத்தனை நாள் சொல்லியும் ஒரு புள்ளி வைக்கத் தெரியலையே!" பேரன் சிரித்தான். பெரியவர் சிலேட்டை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

அவர் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவர் வீடு எனக்குத் தெரியும். கோயிலில் இருந்து மூன்றாவது தெரு. போய், "தப்பா பேசிட்டேன், வாங்க பெரியவரே" என்று சொன்னால் முடிந்தது. போகவில்லை. என்ன நினைப்பாரோ, மருமகள் என்ன சொல்வாளோ, போனால் முகத்தை எப்படிப் பார்ப்பது... மறுபடியும் நான், என் முகம், என் கூச்சம். அதன் பிறகு நான் அந்த ஆபீசில் இருந்த நாலரை வருஷத்தில், சேமிப்புக் கணக்கில் பணம் எடுக்க அவர் ஐந்தாறு முறை கவுண்டருக்கு வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் நான் மைப்பெட்டியை நகர்த்தினேன். ஒவ்வொரு முறையும் அவர் பெருவிரலை வைத்துவிட்டுத் தலையில் தேய்த்துக்கொண்டார். வகுப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மாற்றலாகிப் போன பிறகு அவர் காலமான செய்தி வந்தது.

ஆகவே கூச்சம் யாருக்கும் தீங்கு செய்யாத குணம் என்று என்னிடம் யாரும் சொல்லாதீர்கள். ஒரு மனிதருக்கு வர வேண்டியிருந்த கையெழுத்தை அது பறித்தது. நான் பறித்தேன்.

அதே வருஷங்களில்தான் புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அறிவொளியோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் பிறகு அதைப் புத்தகத்தில் எழுதி உலகத்துக்கே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பொட்டலிலும் நடந்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காது, பெரிய ஆம்பிளை சைக்கிள்தான். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது என் வேலை. மணியார்டர் அம்மாவின் மருமகள் முதல் நாள் நாலு தடவை விழுந்தாள். ஊரே நின்று வேடிக்கை பார்க்கிறது. மாமியார் ஓரத்தில் நின்று, "ஏறுடி, ஏறு, யாரு பாத்தா என்ன" என்கிறார்! 'அ' போடுவதற்கு இந்த மருமகள் முன்னால் வெட்கப்பட்டவர்தான். ஐந்தாம் தடவை ஏறியபோது அந்தப் பெண் ஒரு முறையும் கூட்டத்தைப் பார்க்கவில்லை. எதிரில் இருந்த வேப்ப மரத்தைப் பார்த்தாள். ஓட்டினாள். நான் கேரியரை எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியாது.

நேற்று சாயங்காலம் எதிர் வீட்டுக்குப் போனேன். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை, ஆடு மேய்ப்பவர் கதையை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்தப் பச்சைப் புடவைப் பாட்டி எழுத்தைக் கையை நீட்டித் தள்ளி வச்சுத்தான் பாத்தாங்க தாத்தா. கண்ணாடியா இருக்குமோ?" என்றாள்.

நாளை மாலை ஆறு மணிக்கு அவளோடு நானும் போகிறேன். பின் வரிசையில்தான் உட்காருவேன், பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் மேஜை இழுப்பறையில் பழைய படிக்கும் கண்ணாடிகள் நாலு கிடக்கின்றன. துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன். காலை நடை நண்பர்கள் வீட்டிலும் கட்டாயம் இரண்டு மூன்று இருக்கும். பொருந்துகிறதா என்று போட்டுப் பார்ப்பதற்காவது ஆகும், கொண்டுவந்து கொடுங்கள் சார்.